நீலம் வந்தால் நிக்காஹ்

அத்தியாயம் 6

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவனை நான் நம்ப மாட்டேன். அவன் ஒரு தடவைகூட ஏமாறாதவனாக இருப்பான். இல்லையென்றால் ஏமாற்றியே பிழைத்தவனாக இருப்பான்.

அஃப்ஷீன் அப்படி எதுவும் சொல்லவில்லை. பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டுக்குப் பின்புறம் மூன்றாவது சந்தில் அவள் வீடு. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் ரேவதியும் போய் நின்றோம். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தாள்.

"மெஷின ரிப்பேர் பண்ண ஊர்ல ஆள் இருக்காங்க. எனக்கு யார் பண்ணாங்கன்னு பேரு வேணும். மூணு மணிக்குள்ள வேணும்."

"பேரு கெடச்சா இன்னா பண்ணுவ?"

"அத அப்பறம் பாத்துக்கறேன்."

குரலில் சூடே இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸுகள் இப்படித்தான் பேசுவார்கள். அவளும் நர்ஸ்தான்.

என் பெயர் கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் முப்பத்தோரு வருடம் காவல் நின்றேன். வெளியே போகிறவன் சோற்று டப்பாவைத் திறந்து பார்ப்பது வேலை. மீந்த சாம்பாருக்கு அடியில் பித்தளை போல்ட்டு கிடக்கும். கொண்டுபோகிறவன் நெற்றி நிறைய பட்டை போட்டிருப்பான். அந்தப் பழக்கத்தில்தான் இப்போது ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. அதற்குத்தான் ரேவதி. முகப்பேரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் எட்டு வருடம் இருந்தவள். கை வேலை செய்யும்போது வாயும் சேர்ந்து வேலை செய்யும். வாயை மூடச் சொன்னால் கை நின்றுவிடும், அதனால் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் அஃப்ஷீனுக்கு வேலை தயாராக இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பரீட்சை. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுதலாம். அறையில் வேறு ஆள் கூடாது, கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், செல்போன் அணைந்திருக்க வேண்டும். பதிவு செய்த அதே மெஷின், அதே அறை. நடுவில் திரை அணைந்தால் காரணம் கேட்க மாட்டார்கள். ஒரு வாய்ப்பு போச்சு.

மொத்தம் மூன்று வாய்ப்பு. நவம்பரில் எழுத உட்கார்ந்தாள். இருபதாவது நிமிஷம் திரை முழுக்க நீலமாகி, மேலே ஒரு அழுமூஞ்சியும் கீழே நாலு வரி இங்கிலீஷும் வந்து மெஷின் படுத்துவிட்டது. டிசம்பரிலும் அதே இருபது நிமிஷம், அதே நீலம். இரண்டு தடவையும் குமணஞ்சாவடியிலிருந்து ஏகாம்பரம் என்று ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, மெஷினில் குறையே இல்லை என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இன்று மூன்றாவது. மூன்று மணிக்கு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பா ஷேக் தாவூத் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு அருகே மெத்தைக் கடை. ஆள் வாட்டசாட்டம், தாடியில் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு. எங்களை இன்டர்நெட் கம்பெனி ஆட்கள் என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லைன் இன்றைக்காவது நிற்குமா என்று கேட்டார். நிற்கும் பாய் என்றேன்.

"நின்னாலும் சரி, நிக்கலன்னாலும் சரி. மூணு தபா எழுதட்டும், தேறலன்னா ஃபயாஸுக்கு நிக்காஹ் பண்ணி வெச்சுடறேன்னு என் தங்கச்சி கிட்ட வாக்கு குடுத்துட்டேன். வாக்கு வாக்குதான்."

அவர் போன பிறகு அந்த ஃபயாஸ் யார் என்று கேட்டேன். அத்தை மகன், ஏதோ பிரிண்டிங் கடையில் வேலை என்றாள். முதலில் மாட்டேன் என்று இவள் சொன்னபோது ஒரு வார்த்தை கோபப்படாமல் சிரித்துவிட்டுப் போனானாம். அதற்குப் பிறகும் வீட்டுக்கு ஒரு பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறானாம். ஒவ்வொரு பரீட்சைக்கும் முதல் நாள் சாயங்காலம் வந்து மெஷினில் தூசி தட்டிவிட்டுப் போகிறவனும், மெஷின் படுத்ததும் முதலில் திறந்து பார்க்கிறவனும் அவன்தான். அம்மா இல்லாத வீடு. யார் வருகிறார்கள், யார் எதைத் தொடுகிறார்கள் என்று பார்க்க ஆள் கிடையாது.

ரேவதி அதற்குள் கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். உள்ளே குச்சி குச்சியாய் இரண்டு பச்சைப் பலகை பக்கத்தில் பக்கத்தில் சொருகியிருந்தது. இதற்குப் பெயர் ரேம் என்றாள். அது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"நைனா, இத்த ரெண்டு மாடி ஊடுன்னு வெச்சுக்கோ. சும்மா பாட்டு கேட்டா கீழ் மாடியே போதும். கேமரா, மைக்கு, பரீட்சை எல்லாம் கும்பலா வந்தா எடம் பத்தாம மேல ஏறும். மேல் மாடி இடிஞ்சு கீது. ஏறுனவன் உழுந்து செத்துட்டான். அதான் நீலம்."

"சாவு ஊட்ல நீலத் துணியா கட்டுவாங்க?"

"அது வெள்ளைக்காரன் ஊடு. அவன் இஷ்டம்."

ஒரு பலகையை உருவி எடுத்துவிட்டு, மீதி ஒன்றோடு மெஷினைப் போட்டுக் கேமராவையும் இன்னும் பத்துப் பதினைந்து வீடியோவையும் ஒன்றாக ஓடவிட்டாள். அரை மணி நேரம் அசையவில்லை. கொஞ்சம் நொண்டியது, படுக்கவில்லை. உருவியதைத் திரும்பச் சொருகினாள். ஒன்பதாவது நிமிஷம் நீலம். மறுபடி உருவினாள். நோய் எதில் என்று தெரிந்துபோயிற்று.

உருவியதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவள் வாயை மூடிக்கொண்டாள். அது அதிசயம். என்னிடம் நீட்டினாள். பலகையின் மேல் ஓரத்தில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் கடுகளவு சிவப்பு. மோந்து பார்த்தேன். சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

அஃப்ஷீனிடம் காட்டினேன். "எங்க ஊட்ல எதுக்கு குங்குமம்?" என்றாள்.

அதுதான் கேள்வி. பாய் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் பொட்டு வைத்தவன் யார்?

ஒற்றைப் பலகையோடு பரீட்சை எழுதலாம், தடை இல்லை என்று ரேவதி சொன்னாள். எனக்குத் திருப்தி இல்லை. இரண்டு தடவை இதைச் செய்தவன் மூன்றாவது தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டான். பலகை போனது தெரிந்தால் ஒயரை அறுப்பான், மெயினை இழுப்பான். ஆள் யார் என்று தெரியாமல் வீட்டைக் காக்க முடியாது. மூன்று மணிக்குள் பெயர் வேண்டும்.

எனக்கு ஒரு பெயர் தெரிந்தும் இருந்தது. மெஷினைத் திறந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஃபயாஸ் பாய் வீட்டுப் பிள்ளை, குங்குமத்துக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அடித்துவிட்டேன். மிச்சம் ஏகாம்பரம். செத்த சாமானை வைத்துவிட்டு நல்ல சாமானைச் சுட்டிருக்கிறான். அந்தக் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரேவதியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன்.

குமணஞ்சாவடியில் ஏகாம்பரத்தின் கடை பூட்டியிருந்தது. சென்னீர்குப்பம் வரைக்கும் வேலையாகப் போயிருக்கிறான் என்றார்கள். ஓடிவிட்டான் என்று நினைத்தேன். பதினொன்றே முக்காலுக்கு வந்து ஷட்டரைத் தூக்கினான். நாற்பது வயது, ஒல்லி, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை. பேச்சுக்கே போகாமல் ரேமை மேஜையில் வைத்து, இந்தப் பொட்டு உன் கடையில் வைத்த பொட்டுதானே என்று கேட்டேன்.

அவன் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு சுவரைக் காட்டினான். சுவரில் பைபிள் வசன காலண்டர். அதற்குக் கீழே அவன் கல்யாணப் போட்டோ. பெண்ணின் கழுத்தில் நகை இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை.

"ஏகாம்பரம்னு பேரு எங்க தாத்தா வெச்சது. நாங்க ஆண்டவர் கிட்ட வந்து இருவது வருஷம் ஆவுது. பொட்டு, பொரி, கடலை ஒண்ணும் கெடயாது எங்க ஊட்ல."

"பொரி இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் ரேவதி.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. நல்ல சாமானைத் திருடிவிட்டான் என்று ஷேக் தாவூத் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். டிசம்பருக்குப் பிறகு பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒரு வேலை வரவில்லையாம். செல்போனை எடுத்து இரண்டு போட்டோ காட்டினான். எந்த வீட்டில் பெட்டியைத் திறந்தாலும் கை வைப்பதற்கு முன் முதலில் ஒரு போட்டோ எடுப்பது அவன் வழக்கம். நாளைக்கு நீதான் மாத்திட்டன்னு சொல்லுவாங்களே என்றான். நான் வந்த வேகத்தைப் பார்த்தால் அது நல்ல வழக்கம்தான்.

நவம்பர் போட்டோவில் இரண்டு பலகை. ஜோடிக் காளை மாதிரி ஒரே நிறம், ஒரே எழுத்து. மேல் ஓரத்தில் ஒரு கறை இல்லை. டிசம்பர் போட்டோவிலும் அதே.

கொஞ்ச நேரம் அந்தப் போட்டோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் வந்த மறுநாள் ஏகாம்பரம் திறக்கிறான், உள்ளே நல்ல பலகை. இன்று காலையில் நாங்கள் திறக்கிறோம், கெட்ட பலகை. அப்படியானால் கெட்டது அங்கேயே தங்குவதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் வருகிறது. வேலை முடிந்ததும் போய்விடுகிறது. விருந்தாளி மாதிரி. விருந்தாளியை யாரோ கூட்டிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போகிறான்.

இதைச் சொன்னதும்தான் ஏகாம்பரம் அந்தக் குச்சியைக் கையில் எடுத்தான். பின்பக்கம் திருப்பி, தங்கக் கலர் பல்லு மாதிரி இருக்கிற இடத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இத்த நான் பாத்து கீறேன். ஆயுத பூஜைக்கு மறாநாளு. கரையான்சாவடி ஃபிளெக்ஸ் கடை, ஜம்புலிங்கம் கடை. சந்தனத்த தண்ணியா கரைச்சு வெச்சு, அது வழிஞ்சு கால் வரைக்கும் எறங்கிடுச்சு. நான்தான் கழட்டி, இது பாதி செத்துடுச்சுன்னு அவரு கையில குடுத்தேன்."

நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டு, ஆள் கிடைத்தால் தகவல் சொல்லச் சொன்னான். அடிக்க மாட்டானாம். ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதுமாம். அவன் ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருப்பார். அதற்கான சமாதானத்தை அப்புறம் அவரிடம் போய்ச் சொல்லிக்கொள்வான் போலிருந்தது.

வழியில் அஃப்ஷீனுக்குப் போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தாள். மூன்று மணி பரீட்சைக்குப் பன்னிரண்டரைக்கே எதற்குப் போனை அணைக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஜம்புலிங்கத்தின் கடை ஒரு நீளமான தகரக் கொட்டகை. மை வாடை மூக்கை அறுத்தது. பெரிய மெஷினிலிருந்து யாருக்கோ கண்ணீர் அஞ்சலி அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் நான்கு. நான்குக்கும் பக்கவாட்டுத் தகடு கிடையாது. சூடு தாங்காமல் கழற்றிப் போட்டுவிட்டு, குடல் தெரிய வைத்து, மேஜை ஃபேனைத் திருப்பி விட்டிருந்தார்கள். பிரிண்டர், யூபிஎஸ், கத்தி, ஏணி, ஃபேன், கைரேகை வைக்கிற பெட்டி, எதிலும் அக்டோபரில் வைத்த பொட்டு அழியாமல் இருந்தது.

"நைனா, நடந்துகினே இரு. நின்னா உனக்கும் வெச்சுடுவாரு," என்றாள் ரேவதி.

ஜம்புலிங்கம் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரை மணிக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். தொழில் பக்தி உள்ள மனிதர். ரேமைக் காட்டியதும் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். மெஷினுக்கு உயிர் உள்ளே இருக்கிறது, வெளித் தகட்டுக்கு எதற்குப் பொட்டு என்று உள்ளேயே வைத்தாராம். மறுநாள் அந்த மெஷின் நீலமாகப் போய்விட்டதாம். சரஸ்வதி கண் திறந்துவிட்டாள் என்று முதலில் கற்பூரம் காட்டினாராம். அப்புறம்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டாராம்.

கழற்றிய பலகை எங்கே போனது என்று கேட்டேன். டிராயரில் போட்டதாகவும், அந்த மெஷினில் வேலை செய்கிற பையன் சாவிக்கொத்தில் மாட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார்.

"அந்த மெஷின்ல குந்தறது யாரு?"

"நம்ம பாய் புள்ளதான், ஃபயாஸு. தங்கமான புள்ள. பூஜைக்கு மொத ஆளா வந்து நிப்பான். சந்தனம் கரைச்சதே அவன்தான். கொஞ்சம் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு, அவ்ளோதான்."

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஏகாம்பரம் என்று பெயர் இருந்தால் பொட்டு வைப்பான், ஃபயாஸ் என்று பெயர் இருந்தால் வைக்க மாட்டான். இவ்வளவுதான் என் துப்பறிவு. பெயரைக் கேட்டு டப்பாவைத் திறக்காமல் அனுப்பிவிட்டேன். வாசலில் நின்ற காலத்தில் இந்தத் தப்பை ஒரு நாளும் செய்ததில்லை.

வேலை என்று வந்துவிட்டால் சாமி எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தக் கொட்டகையில் நாலு வருஷமாகப் பொரி தின்கிறவன் ஃபயாஸ். பொட்டு அவன் கண்ணுக்குப் பழகிப்போனது. பழகிப்போனது கண்ணில் படாது. அதனால்தான் துடைக்காமல் கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறான்.

"இன்னிக்கு அவன் லீவு," என்றார் ஜம்புலிங்கம். "அடுத்த மாசம் நிக்காஹ் இல்லியா, அதான். தோ, அவனே டிசைன் பண்ணி அவனே பிரிண்ட் போட்டு வெச்சுகீறான்."

சுவரோரம் பத்தடிக்கு எட்டடி ஃபிளெக்ஸ் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு ஃபயாஸ். பக்கத்தில் பெண்ணின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. ரோஜாவுக்குக் கீழே அஃப்ஷீன் என்று தங்க எழுத்து. தேதி, மண்டபம், நேரம் எல்லாம் போட்டிருந்தது. அவள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை.

மாட்டேன் என்ற பெண்ணின் பெயரை இவ்வளவு பெரிதாக எழுத ஆசை மட்டும் போதாது. வன்மம் வேண்டும்.

இரண்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். தாமதம். ஃபயாஸ் ஏற்கனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஒழுங்காகக் கத்தரித்த தாடி, கையில் சமோசாப் பொட்டலம். வாங்க அண்ணாத்தே, லைன் எல்லாம் சரியா ஓடுதா என்று எழுந்து நின்று மரியாதை கொடுத்தான். எனக்குக் கை அரித்தது. ரேவதி என் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஒயரைப் பார்க்கிற மாதிரி அஃப்ஷீனின் அறைக்குள் போனாள். ஐந்து நிமிஷம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

பேரைச் சொல்லிட்டியா என்று ஜாடையில் கேட்டேன். தலையை ஆட்டினாள். என் காதருகே வந்து, அவ கேட்டத செஞ்சுட்டேன், கம்முனு குந்து நைனா என்றாள்.

மூன்று மணிக்கு அஃப்ஷீன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஃபயாஸ் எதிரே உட்கார்ந்து சமோசா தின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். மூணு பத்துக்கு இன்னொன்றை எடுத்தான். பசி எடுத்தவன் தின்கிற மாதிரி இல்லை. படம் ஆரம்பிக்கிறதுக்குக் காத்திருக்கிறவன் தின்கிற மாதிரி இருந்தது.

மூணு இருபத்திரண்டுக்கு உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. அஃப்ஷீனுக்குப் பின்னால் திரை முழுக்க நீலம்.

என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ரேம் இல்லை. முழங்கையைப் பிடித்தபோதே ரேவதி எடுத்திருக்கிறாள். எடுத்து, மறுபடி உள்ளே வைத்திருக்கிறாள். அவளை நான் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் செத்திருப்பார்கள். அவள் சுவரில் பல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபயாஸ் முதலில் செய்தது போன் போட்டதுதான். மாமு, போச்சு மாமு, மூணாவதும் போச்சு, வாங்க என்று அழுகிற குரலில் சொன்னான். சாட்சியை அவனே கூப்பிட்டான். பிறகு பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, நான் பார்க்கிறேன், தூசி பறக்கும், எல்லாரும் வெளியே இருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

விருந்தாளியை அழைத்துப்போக வந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு விஷயம் பாதி புரிந்தது.

ஷேக் தாவூத் மூச்சு வாங்க வந்தார். அஃப்ஷீன் அவர் கையைப் பிடித்து, பேசாமல் வாங்க அத்தா என்று வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருக்கிற நடையில் கூட்டிக்கொண்டு போனாள். நானும் ரேவதியும் பின்னால் போனோம். அறை ஜன்னலில் திரைச்சீலை பாதிதான். உள்ளே மருமகன் பெட்டியைத் திறந்து வைத்து மண்டி போட்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பச்சைக் குச்சி ஒன்றை எடுத்தான். உள்ளே இருந்ததை உருவினான். புதியதைச் சொருகினான். உருவியதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தகட்டை மாட்டத் தொடங்கினான்.

பெரியவர் ஜன்னலை விட்டு நகர்ந்தார். சுற்றி வந்து கதவைத் தள்ளினார்.

ரேவதி போய் ஃபயாஸின் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். சந்தனம், குங்குமம். எங்கே தொட்டு எங்கே வந்தது என்று நான் சொன்னேன். ஜம்புலிங்கம் கடையில் காய்கிற பத்தடி ஃபிளெக்ஸையும் சொன்னேன். தேதி சொன்னதும் தாவூத் பாய் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க அத்தா," என்றாள் அஃப்ஷீன். "ரெண்டு அறையில அவனுக்கு முடிஞ்சு போயிடும்."

ஃபயாஸ் அப்போதும் தெம்பாகத்தான் இருந்தான். ஆசையில் பண்ணிவிட்டேன் மாமு என்றான். பண்ணியது தப்புதான், ஆனால் பரீட்சை போனது போனதுதானே, வார்த்தை வார்த்தைதானே என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் அவளைத்தான் பார்த்தது. நீ என்னை வேண்டாம் என்றாய் அல்லவா என்கிற பார்வை.

"பரீட்சை பன்னெண்டு மணிக்கு," என்றாள் அவள். "ஒண்ணரைக்கு முடிச்சேன். ஒத்த ரேம்ல. ஒரு தடவகூட நிக்கல. மூணு மணின்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

எல்லாரிடமும் என்றால் என்னிடமும்தான். கூலி கொடுத்து வைத்த ஆளைக்கூட நம்பவில்லை. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன். எனக்கும் ரெண்டரைக்குத்தான் சொன்னா நைனா, மூஞ்சிய அப்டி வெக்காத என்றாள் ரேவதி.

ஷேக் தாவூத் கட்டிலில் உட்கார்ந்தார். என் வாக்க நான் குடுத்தேன், நீ அத்த திருடிகினு போவப் பாத்த என்று மருமகனிடம் சொன்னார். திருடியதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஜமாத்தைக் கேட்க வேண்டியதில்லை என்றார். ஏகாம்பரத்தைப் பற்றி நான் ஞாபகப்படுத்தினேன். கடைத்தெருவில் சொன்ன அதே வாயால் அதே தெருவில் திருப்பிச் சொல்கிறேன் என்றார். சொல்வார். வார்த்தைக்குக் கட்டுப்பட்ட ஆள்.

ஃபயாஸ் கிளம்பப் பார்த்தான். அஃப்ஷீன் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போ. நவம்பர்ல பண்ணது, டிசம்பர்ல பண்ணது, நேத்து பண்ணது. எல்லாம் உங்க அம்மாவுக்கு, நீயே எழுது."

இத்தனை நாளும் 'நீங்க' என்று கூப்பிட்டவள்தான். அவன் காகிதம் கேட்டான். காகிதம் கிடையாது என்றாள். ஃபிளெக்ஸ் கடைக்காரன், தமிழ் வேகமாக அடிப்பாய், மெஷினில் அடி என்றாள். நல்ல பலகையைத் தானே உருவி எடுத்தாள். பொட்டு வைத்ததை எடுத்து அந்த இடத்தில் அழுத்திச் சொருகினாள். ஊசி குத்திப் பழகிய கை, இடம் தவறவில்லை. மெஷினைப் போட்டு, கேமராவை ஓடவிட்டாள். மைக்கை ஓடவிட்டாள். ஜெர்மனியில் அவள் சேரப்போகிற ஆஸ்பத்திரியின் வீடியோக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டாள்.

"நடுவுல சேவ் பண்ணக் கூடாது. பரீட்சைல எங்களுக்கும் அது கெடயாது."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தான். நான் நாற்காலியை இழுத்து வசதியாக உட்கார்ந்தேன். வேறு வழி இல்லாமல் அடிக்க ஆரம்பித்தான். உண்மையிலேயே வேகமான கைதான். அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கி, நவம்பர் முடிந்து டிசம்பருக்கு வந்தபோது திரை நீலமாகிவிட்டது.

முதலிலிருந்து அடித்தான். இந்தத் தடவை அவசரமாக. ஆயுத பூஜையைத் தாண்டி, டிராயரிலிருந்து எடுத்த இடத்தில் நீலம்.

மூன்றாவது தடவை நெற்றியில் வேர்வை. கடைசி வரியில், இனி அவள் வழிக்கு வர மாட்டேன் என்று பாதி அடித்திருந்தான். அழுமூஞ்சி வந்து எதிரே உட்கார்ந்தது. அறையில் எல்லார் மேலும் அந்த வெளிச்சம்தான். அவன் மேல் கொஞ்சம் அதிகமாக விழுந்தது.

ஃபயாஸ் திரும்பினான். உதடு உலர்ந்திருந்தது. இன்னும் எத்தனை தபா என்று கேட்டான்.

அஃப்ஷீன் அவன் கொண்டுவந்த பொட்டலத்திலிருந்து கடைசிச் சமோசாவை எடுத்து, பாதியை ரேவதியிடம் கொடுத்தாள்.

"எனக்கு மூணுன்னு எண்ணிக் குடுத்தீங்க. உனக்கு எத்தனைன்னு நான் சொல்ல மாட்டேன். மொதல்லேர்ந்து அடி."